90 சதவீதம் பாசிட்டிவ்: ஓர் ஆசிரியைக்குப் பதில்

கடிதம் ஏழு பக்கம். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று வாசகி கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 44. மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. பிளஸ் ஒன் படிக்கும் ஒரு மகள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடது மார்பில் 2.6 சென்டிமீட்டர் கட்டி தென்பட்டு அறுவை சிகிச்சை நடந்தது. அக்குளில் எடுத்த 14 நெறிக்கட்டிகளில் ஒன்றில் மட்டும் புற்று இருந்தது. கீமோவும் ரேடியேஷனும் முடிந்தன. அதன் பிறகு தினமும் 20 மில்லிகிராம் டாமாக்சிஃபென் மாத்திரை. 14 மாதங்கள் ஆகின்றன. பயாப்சி அறிக்கையில் இப்படி இருக்கிறது: ஈ.ஆர். 90 சதவீதம் பாசிட்டிவ், பி.ஆர். 70 சதவீதம் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ்.

இனி அவர் எழுதியது: “ஈ.ஆர். என்றால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்றும், அது ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் என்றும் படித்தேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு லாக் ஓபரான் நடத்துகிறவள் நான். மரபணுவை முடுக்கிவிடுகிற புரதம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அந்தப் புரதம் 90 சதவீதம் இருக்கிறது என்றால் நோய் அவ்வளவு முற்றியது என்றுதானே அர்த்தம்? ஹார்மோனால் வந்த நோய்க்கு ஹார்மோன் மாத்திரை கொடுப்பது எந்த விதத்தில் நியாயம்?”

இரவில் உடம்பு திடீரென்று தகிக்கிறது, தலையணை நனைகிற அளவு வியர்க்கிறது, இரண்டு மணிக்கு விழித்தால் பிறகு தூக்கமில்லை, மாதவிடாய் தாறுமாறாக வருகிறது. கட்டியைத்தான் எடுத்தாயிற்றே என்று மூன்று மாதங்களாக மாத்திரையை ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் போடுகிறார். புற்றுநோய் மருத்துவரிடம் இதைச் சொல்லவில்லை. நாத்தனார் மஞ்சள் கிழங்கின் சத்து அடைத்த கேப்ஸ்யூல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ‘பி53-ஐத் தூண்டும்’ என்று டப்பாவில் அச்சிட்டிருக்கிறதாம்; பி53 என்பது புற்றுக்குத் தடை போடும் ஒரு புரதம். டாமாக்சிஃபெனை நிறுத்திவிட்டு இதற்கு மாறலாமா என்பது ஒரு கேள்வி. கோளாறு மரபணுவில் என்றால் மகளுக்கும் வருமா என்பது இன்னொன்று. ஆறாவது பக்கத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் தெரிந்த மருத்துவர் ஒருவர் பாரக்ஸெடின் எழுதிக் கொடுத்திருக்கிறார், இரண்டு மாதங்களாகச் சாப்பிடுகிறார்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஏழு பக்கத்தில் என்னைத் துணுக்குற வைத்தது அந்த ஆறாவது பக்க வரிதான். டாமாக்சிஃபெனும் பாரக்ஸெடினும் சேரக் கூடாத ஜோடி. காரணத்தைக் கீழே சொல்கிறேன். அதற்குள் அவசரப்பட்டு இன்றிரவே பாரக்ஸெடினைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவரிடமும் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடமும் இந்த வாரமே பேசுங்கள். மற்ற எதுவும் இவ்வளவு அவசரமில்லை.

இனி உங்கள் அறிக்கைக்கு வருவோம். நீங்கள் படித்தது சரி. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் அந்த ஏற்பி ஒரு படியெடுப்புக் காரணிதான் (டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்), அதாவது டி.என்.ஏ.-வில் உட்கார்ந்து மரபணுக்களை இயக்கும் புரதம். அதிலிருந்து நீங்கள் போய்ச் சேர்ந்த முடிவுதான் நேர் எதிர்த்திசையில் இருக்கிறது.

பழுப்பாகும் உட்கருக்கள்

அந்த 90 எப்படி வந்தது என்று பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். உங்கள் கட்டியிலிருந்து எடுத்த திசுவை மெழுகுக் கட்டியில் பதித்து, முடியைவிட மெல்லிய சீவலாக அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தை அதன்மேல் விடுவார்கள். ஒட்டிய இடம் பழுப்பு நிறமாகும். ஒட்டாத உட்கருக்கள் நீலமாகவே நிற்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் நீல வயலில் பழுப்புப் புள்ளிகள். நோய்க்குறியியல் மருத்துவர் எண்ணுகிறார். நூறு புற்றணுக்களில் தொண்ணூறின் உட்கரு பழுப்பாக இருந்தால் 90 சதவீதம். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை இந்த எண் அளப்பதில்லை. அதைச் சொல்லக் கட்டியின் அளவு, நெறிக்கட்டிகள், கிரேடு என்று வேறு கணக்குகள் இருக்கின்றன.

பழுப்பு ஏன் உட்கருவில் மட்டும் விழுகிறது என்று வகுப்பில் கேட்டால் உங்கள் மாணவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். டி.என்.ஏ. இருக்கும் இடம் அது. படியெடுப்புக் காரணிக்கு வேலை அங்கேதான். அதே கட்டியில் ஹெர்2 என்ற புரதத்துக்குச் சாயமேற்றினால் நிறம் உயிரணுவின் வெளிச் சவ்வில் வளையமாக விழும், ஏனென்றால் அது வாசலில் நிற்கும் புரதம்.

பி.ஆர். 70 சதவீதம் என்ற வரியை நீங்கள் இரண்டாவது கெட்ட செய்தியாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கோ அறிக்கையில் மிகவும் பிடித்த வரி அது. பி.ஆர். என்பது புரோஜெஸ்டரோன் ஏற்பி. அதைத் தயாரிக்கும் மரபணுவை முடுக்கிவிடும் புரதங்களில் முக்கியமானது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. பி.ஆர். நிறைய இருக்கிறது என்றால், உங்கள் கட்டியில் ஈ.ஆர். வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை, வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். கட்டி அந்த ஒரு சுவிட்சை நம்பிப் பிழைத்தது. எதை நம்பிப் பிழைத்தது என்று தெரிந்தால் எதைப் பறிப்பது என்றும் தெரிந்துவிடுகிறது. ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 மூன்றும் நெகட்டிவ் என்று அறிக்கை வரும் பெண்களுக்கு இந்த மாத்திரையால் பயனில்லை. அவர்கள் முன் உட்கார்ந்து சிகிச்சை பேசும்போதுதான் ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லின் அருமை மருத்துவர்களான எங்களுக்குத் தெரியும்.

லாக் ஓபரானிலிருந்து மார்பு வரை

பாக்டீரியாவில் லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்க உதவும் மரபணுக்களின் தொகுப்புதான் லாக் ஓபரான். அதில் ஒடுக்கிப் புரதம் டி.என்.ஏ.-வில் குறுக்கே உட்கார்ந்து வழியை மறிக்கிறது. லாக்டோஸ் வந்ததும் எழுந்து வழிவிடுகிறது. 1961-இல் ஜேக்கப்பும் மோனோவும் எழுதியது; 1965-இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். ஒரு சின்ன மூலக்கூறு வந்து ஒட்ட, புரதத்தின் வடிவம் மாற, மரபணு திறக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியிலும் அடிப்படை இதுதான், திசை மட்டும் வேறு. ஹார்மோன் வந்து ஒட்டியதும் இந்தப் புரதம் எழுந்து போவதில்லை. இரண்டிரண்டாகச் சேர்ந்து டி.என்.ஏ.-வில் போய் அழுத்தமாக உட்காருகிறது. கண்ட இடத்தில் உட்காராது. ஐந்து எழுத்து, நடுவே எதுவானாலும் சரி என்று மூன்று எழுத்து, பிறகு முதல் ஐந்தின் எதிர்ப்பிம்பமாக ஐந்து எழுத்து: இப்படியொரு முகவரியைத் தேடும். சுருண்டு கிடக்கும் டி.என்.ஏ.-வை முன்கூட்டியே தளர்த்தி இடம் போட்டுக் கொடுக்க ஃபாக்ஸ்ஏ1 என்று இன்னொரு படியெடுப்புக் காரணி இருக்கிறது. மனித உடம்பில் இப்படிப்பட்ட புரதங்கள் ஏறத்தாழ 1,600. தனியாக வேலை செய்பவை குறைவு.

அது உட்கார்ந்து முடுக்கிவிடும் மரபணுக்களில் நம் கதைக்கு முக்கியமானது சைக்ளின் டி1. அந்தப் புரதம் பெருகியதும் சி.டி.கே. 4, 6 என்ற இரண்டு நொதிகள் விழித்துக்கொள்கின்றன. அவை ஆர்.பி. என்ற காவல் புரதத்தின் பிடியைத் தளர்த்துகின்றன. ஆர்.பி. அதுவரை இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது ஈ2எஃப் என்ற இன்னொரு படியெடுப்புக் காரணியை. அது விடுபட்டதும் டி.என்.ஏ.-வை நகலெடுக்கத் தேவையான மரபணுக்கள் வரிசையாகத் திறக்கின்றன. அணு இரண்டாகிறது. ஒரு படியெடுப்புக் காரணியில் தொடங்கிய கட்டளை இன்னொரு படியெடுப்புக் காரணியில் போய் முடிகிறது. ஒவ்வொரு மாதமும் ஆரோக்கியமான மார்பிலும் இது அளவோடு நடக்கிறது. புற்றணுவில் அளவு போய்விட்டது, அவ்வளவுதான். பால்போசிக்ளிப் போன்ற மருந்துகள் இந்தச் சங்கிலியின் நடுக் கண்ணியான அந்த இரண்டு நொதிகளைப் பிடிப்பவை. 2015-இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றன. அந்த வகை மருந்துக்கு உங்கள் விஷயத்தில் இடம் உண்டா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர மனமில்லை. படியெடுப்புக் காரணிகளை மருந்தால் பிடிப்பது மிகவும் கடினம். மிக் என்றொரு புரதம் எத்தனையோ வகைப் புற்றுநோய்களை வளர்த்துவிடுகிறது. பல பத்தாண்டுகளாகத் துரத்துகிறார்கள், இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. மருந்து மூலக்கூறு போய் உட்கார அதில் பள்ளமே இல்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அப்படியல்ல. ஹார்மோன் உட்காருவதற்கென்றே அதில் ஆழமான ஒரு குழி இருக்கிறது. அந்தக் குழிதான் உங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

மூடாத குக்கர்

‘ஹார்மோன் மாத்திரை’ என்ற பெயரை எந்த மகானுபாவர் வைத்தாரோ தெரியவில்லை, அது செய்த தீங்கு கொஞ்சமல்ல. டாமாக்சிஃபென் ஹார்மோன் அல்ல. ஹார்மோனின் இடத்தில் துண்டு போட்டு உட்கார்ந்துகொள்கிற ஆள்.

ஈஸ்ட்ரோஜன் குழிக்குள் விழுந்ததும் ஏற்பியின் ஒரு பகுதி மூடிபோல் மேலே வந்து கவிகிறது. மூடி சரியாகப் பொருந்தினால்தான் அதன் வெளிப்புறத்தில் ஒரு பிடி உருவாகும். மரபணுவைத் திறக்க உதவும் துணைப் புரதங்கள் அந்தப் பிடியைப் பற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். டாமாக்சிஃபெனும் அதே குழிக்குள் போகிறது, ஆனால் அதற்கு நீளமான பக்கக் கை ஒன்று உண்டு. கரண்டியை உள்ளேயே விட்டுவிட்டுக் குக்கரை மூடிப் பாருங்கள். காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மூடி உட்காராது, ஆவி சேராது, விசில் வராது. இங்கேயும் அதேதான். ஏற்பி டி.என்.ஏ.-வில் போய் உட்காரத்தான் செய்கிறது. துணைக்கு வருகிறவர்கள் மட்டும் மாறிவிடுகிறார்கள், திறப்பவர்களுக்குப் பதிலாகப் பூட்டுபவர்கள் வருகிறார்கள். 1997, 1998 ஆண்டுகளில் படிகங்களை எக்ஸ்ரேயில் படமெடுத்து இந்த நீட்டிய கையைக் கண்ணாரப் பார்த்தார்கள்.

மருந்து அதற்கு வெகு காலம் முன்பே வந்துவிட்டது. 1962-இல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் தயாரித்தது. அப்போது அவர்கள் தேடிக்கொண்டிருந்தது கருத்தடை மாத்திரை. அந்த வேலைக்கு அது உதவவில்லை, பெண்களுக்குச் சினைமுட்டை வெளிவருவதைத் தூண்டவே செய்தது. 1973-இல் பிரிட்டனில் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. இந்த இடத்தில் உங்களுக்கு ஓர் எச்சரிக்கை: மாதவிடாய் தாறுமாறாக வருவதால் கருத்தரிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். கருவில் இருக்கும் குழந்தைக்கு இந்த மருந்து ஆகாது. ஹார்மோன் இல்லாத வழி, காப்பர்-டி போல ஒன்று, தேவை.

“எல்லா உறுப்பிலும் இருக்கும் சுவிட்சை அணைத்தால் உடம்பு என்னாவது” என்றும் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. துணைப் புரதங்களின் கூட்டணி உறுப்புக்கு உறுப்பு வேறு. அதனால் ஒரே மாத்திரை மார்பில் பூட்டாகவும் கருப்பை உட்சுவரில் அரைகுறைச் சாவியாகவும் நடந்துகொள்கிறது. மாதவிடாய் முற்றிலும் நின்ற பெண்களுக்கு இதனால் கருப்பைப் புற்றுநோய் அபாயம் சற்றுக் கூடுகிறது. உங்களைப் போல இன்னும் நிற்காதவர்களுக்கு அந்தக் கவலை மிகக் குறைவு. இருந்தாலும் ரத்தப்போக்கு அதிகமானாலோ, இடையில் வந்தாலோ மகளிர் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சுத் திணறினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தக் கட்டியாக இருக்கலாம், இதுவும் இந்த மருந்தின் அபூர்வமான பக்கவிளைவு. உடம்பு தகிப்பது மூளையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கு ஈஸ்ட்ரோஜனின் சேதி சரிவரப் போய்ச்சேராததால். அது ஆபத்தில்லை. ஆபத்தில்லை என்பதால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

ஒன்றுவிட்டு ஒரு நாள்

கட்டியை எடுத்தாயிற்று என்பது உண்மை. ஆனால் அறுவை சிகிச்சைக்கு முன்பே ரத்தத்திலோ எலும்பு மஜ்ஜையிலோ போய் ஒடுங்கிய அணுக்கள் ஒன்றிரண்டு இருக்கலாம். எந்த ஸ்கேனிலும் அவை தெரியாது. ஈ.ஆர். பாசிட்டிவ் நோயின் குணம் அது: அவசரப்படாது. ஐந்து ஆண்டுச் சிகிச்சை முடிந்த பெண்களை 20-ஆம் ஆண்டு வரை பின்தொடர்ந்து பார்த்த உலகளாவிய தொகுப்பாய்வில், நோய் திரும்புவது ஆண்டுக்கு ஆண்டு ஒரே சீராக நடந்துகொண்டே இருந்தது. அந்த அணுக்களுக்கு எழுந்திருக்கச் சொல்லும் சேதி போகக் கூடாது என்பதற்காகத்தான் குழியில் தினமும் ஆளை உட்கார வைக்கிறோம். ஐந்து ஆண்டுகள் ஒழுங்காக எடுத்தால், 15 ஆண்டுக் கணக்கில் இந்த நோயால் ஏற்படும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஒரு மாத்திரை சில ரூபாய் விலை. புற்றுநோய் மருத்துவத்தில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய பலன் தரும் மருந்துகள் அதிகமில்லை.

ஒரு நாள் மறந்துபோனால் குடிமுழுகிவிடாது. உடம்பில் இதன் அளவு பாதியாகக் குறையவே ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். மறந்ததற்காக மறுநாள் இரண்டு போட வேண்டாம். ஆனால் நீங்கள் செய்வது மறதி அல்ல, பாதி டோஸ். மாதக் கணக்கில் ஒன்றுவிட்டு ஒரு நாள் என்றால் ரத்தத்தில் அளவும் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். எழுதிக் கொடுத்த மாத்திரையில் 80 சதவீதத்துக்கும் குறைவாக எடுத்தவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்ததை ஸ்காட்லாந்தில் செய்த ஓர் ஆய்வு காட்டியது. “5 மில்லிகிராம் போதுமாமே” என்று யாராவது சொல்லலாம். இத்தாலியில் அப்படியோர் ஆய்வு நடந்தது உண்மைதான். பால்நாளத்தைத் தாண்டாத மிக ஆரம்ப நிலைக்காரர்களை வைத்துச் செய்தது. நெறிக்கட்டி வரை வந்த உங்கள் நோய்க்கு அது பொருந்தாது.

இப்போது பாரக்ஸெடின். நீங்கள் விழுங்கும் டாமாக்சிஃபென் பாதி தயாரான சரக்கு. கல்லீரலில் சி.ஒய்.பி.2டி6 என்ற நொதி அதைக் கடைசியாகச் செதுக்கி எண்டாக்சிஃபெனாக மாற்றிய பிறகுதான் குழியை இறுகப் பிடிக்கும் முழு வலிமை வருகிறது. பாரக்ஸெடின் அந்த நொதியையே முடக்கிவிடுகிறது. ஃப்ளுவாக்ஸெடினும் அப்படியே. டாமாக்சிஃபெனோடு பாரக்ஸெடினையும் நெடுநாள் எடுத்த பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் கூடியிருந்ததைக் கனடாவின் ஒன்டாரியோவில் செய்த ஆய்வு 2010-இல் சொன்னது. ஆக, உங்கள் மூன்று மாதக் கணக்கைப் பாருங்கள்: மாத்திரையில் பாதி நீங்கள் விட்டது, மீதிப் பாதியிலும் ஒரு பங்கைக் கடந்த இரண்டு மாதங்களாகப் பாரக்ஸெடின் தின்றிருக்கிறது. உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பாரக்ஸெடின் எழுதியவர் நீங்கள் வேறு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். புற்றுநோய் மருத்துவரும் ‘தூக்கம் எப்படி’ என்று கேட்டிருக்கலாம். புறநோயாளிப் பிரிவில் ஐந்து நிமிடத்தில் ரத்த அறிக்கையைப் பார்த்து அனுப்பிவிடுகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

மனச்சோர்வுக்கும் தகிப்புக்கும் சேர்த்தே உதவுவது வென்லாஃபாக்சின். அது அந்த நொதியை அவ்வளவாகத் தொடுவதில்லை. இரவுத் தகிப்பும் தூக்கமின்மையும் மட்டும் பிரச்சினை என்றால் கபாபென்டின் இருக்கிறது. டாமாக்சிஃபென் மாத்திரையைக் காலையிலிருந்து இரவுக்கோ இரவிலிருந்து காலைக்கோ மாற்றிப் பார்ப்பதும் சிலருக்கு ஒத்துவருகிறது.

இவ்வளவும் செய்தும் டாமாக்சிஃபென் ஒத்துவரவில்லை என்றால் வேறு வழி உண்டு. சுவிட்சில் கை வைப்பதற்குப் பதிலாக, சுவிட்சைத் தட்டும் ஹார்மோனையே வற்றவைப்பது. மாதம் ஒருமுறை கோசெரெலின் ஊசியால் சினைப்பையை உறங்கவைத்து, கூடவே, உடம்பின் மற்ற இடங்களில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் லெட்ரோசோல் அல்லது எக்ஸிமெஸ்டேன் மாத்திரை. நெறிக்கட்டியில் நோய் இருந்த இளம் பெண்களுக்குப் பல மருத்துவர்கள் இதையே முதலில் எடுக்கிறார்கள். ஊசி இல்லாமல் லெட்ரோசோலை மட்டும் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். வேலை செய்யும் சினைப்பையை அது இன்னும் உசுப்பிவிடும். இந்த வழியில் மூட்டு வலி அதிகம், எலும்பு தேய்கிறது. ஆகவே எலும்பு அடர்த்திச் சோதனையும், கால்சியமும் வைட்டமின் டி-யும் அவசியம். தகிப்பும் குறையாது, கூடலாம். யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சினைப்பையை அகற்றினால் மார்புக் கட்டி சுருங்குகிறது என்று கிளாஸ்கோவின் ஜார்ஜ் பீட்சன் 1896-இலேயே எழுதிவிட்டார். ஏன் சுருங்குகிறது என்பதற்கு அப்போது பதிலில்லை. எல்வுட் ஜென்சன் சிகாகோவில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் கண்டுபிடிக்க இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

நாத்தனார் வாங்கிய டப்பா

அவர் அன்பில் வாங்கியது. அதை மதித்தே சொல்கிறேன்: வேண்டாம்.

பி53-உம் படியெடுப்புக் காரணிதான், ஈ.ஆர்.-க்கு எதிர் முகாம். டி.என்.ஏ.-வில் முறிவு தெரிந்தால் அணுப்பிரிவை நிறுத்தும் மரபணுக்களை இது திறக்கும். பழுது பார்க்க முடியாவிட்டால் அணுவையே சாகச் சொல்லும். 1979-இல் கண்டுபிடித்தார்கள். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இந்த மரபணு கெட்டிருக்கிறது. யானையின் உடம்பில் நம்மைவிட எத்தனையோ மடங்கு அணுக்கள் இருந்தும் அதற்குப் புற்றுநோய் அபூர்வம். அதனிடம் பி53 மரபணுவின் 20 பிரதிகள் இருப்பதை 2015-இல் வெளியிட்டார்கள். அழகான உயிரியல். ஆனால் கெட்டுப்போன ஒரு புரதத்தை மறுபடி வேலை செய்யவைப்பது, வேலை செய்யும் ஒரு புரதத்தைத் தடுப்பதைவிடப் பல மடங்கு கடினம். பெரிய ஆய்வகங்களே திணறுகிற வேலையை ஒரு கேப்ஸ்யூல் செய்துவிடும் என்று டப்பாவில் அச்சிடுவது சுலபம். இன்னொன்று: உங்களுடையதைப் போன்ற ஈ.ஆர். பாசிட்டிவ் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் பி53 மரபணு கெடாமலே இருக்கிறது. தூங்காதவரை எழுப்ப மருந்து விற்கிறார்கள்.

மஞ்சளின் சத்தான குர்குமினை ஆய்வகத் தட்டில் அணுக்கள்மேல் ஊற்றினால் பி53 எழும்புவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் வாயால் சாப்பிட்டால் மிகச் சொற்பமே ரத்தத்துக்குப் போகிறது. அதனால்தான் கேப்ஸ்யூலில் மிளகுச் சத்தான பைப்பரினைச் சேர்க்கிறார்கள். நெதர்லாந்தில் 2019-இல் டாமாக்சிஃபென் எடுக்கும் பெண்களுக்குக் குர்குமின் கேப்ஸ்யூலும் கொடுத்துப் பார்த்தார்கள். எண்டாக்சிஃபென் அளவு குறைந்தது. பைப்பரினும் சேர்ந்தபோது இன்னும் குறைந்தது. பெரிய சரிவு அல்ல, சிறிய ஆய்வுதான். ஆனால் ஏற்கெனவே பாதி டோஸில் நிற்கும் உங்களுக்கு அதுவும் எதற்கு?

சாம்பாரில் போடும் மஞ்சளுக்கும் ரசத்தில் தட்டிப் போடும் மிளகுக்கும் எந்தத் தடையும் இல்லை. சோயாவைப் பற்றியும் பயந்திருக்கிறீர்கள். உணவாக, அளவோடு சாப்பிடும் சோயா தீங்கு செய்ததாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. சோயாச் சத்து மாத்திரைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

அறுவை சிகிச்சை அறிக்கை, பயாப்சி அறிக்கை, கீமோ விவரம் எல்லாம் மருத்துவமனையிலேயே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி. எழுத்தில் கேளுங்கள், தேதி போட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கையோடு, திசுவைப் பதித்த மெழுகு ‘பிளாக்’ எங்கே இருக்கிறது, எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்றும் விசாரியுங்கள். நாளைக்கு இரண்டாவது கருத்து வேண்டும் என்றாலும், புதிய சோதனை ஒன்று செய்ய வேண்டும் என்றாலும், அந்தத் துண்டுதான் வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், மஞ்சள் டப்பா உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டதையும் சொல்லிவிடுங்கள். திட்டினால் திட்டட்டும். இதை மறைத்தால், நாளைக்கு நோய் திரும்பினாலும் மருந்து தோற்றுவிட்டது என்று தவறாகக் கணக்கிட்டு, இன்னும் பலன் தரக்கூடிய ஒரு மருந்தை ஒதுக்கிவிடுவோம். நிஜமாகவே மருந்து தோற்பதும் உண்டு: நோய் பரவிய நிலையில், பல மாதச் சிகிச்சைக்குப் பிறகு, ஏற்பியின் அந்த மூடிப் பகுதியிலேயே எழுத்துப் பிழை விழுந்து, ஹார்மோன் வராமலே மூடி தானாக மூடிக்கொள்கிறது. அதற்கென்று 2023-இல் எலாசெஸ்ட்ரன்ட் என்ற மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது உங்கள் நிலை அல்ல. இரண்டையும் பிரித்தறிய நீங்கள் உண்மையைச் சொன்னால்தான் முடியும்.

மகள்

உங்கள் கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணு கெட்டுப்போயிருந்தது என்று அறிக்கை சொல்லவில்லை. அது எல்லாப் பெண்களிடமும் இருக்கிற மரபணு. கட்டி அதை அளவுக்கு மீறிப் பயன்படுத்திக்கொண்டது. கட்டிக்குள் பிறகு விழுந்த கோளாறுகள் கட்டியோடு நின்றுவிடுபவை. அவை சினைமுட்டைக்குப் போகாது, மகளுக்கும் போகாது.

பிறவியிலேயே வரும் கோளாறு வேறு சமாச்சாரம். மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு அது காரணம்; பெரும்பாலும் பி.ஆர்.சி.ஏ. 1, 2 மரபணுக்கள். 50 வயதுக்குள் நோய் வந்த பெண் என்பதால் உங்களுக்கு அந்த ரத்தப் பரிசோதனையைப் பரிந்துரைப்பேன். கவனியுங்கள், உங்களுக்கு. மகளுக்கு அல்ல. நோய் வந்தவரிடம்தான் முதலில் தேட வேண்டும். உங்களிடம் அந்தக் கோளாறு இல்லையென்றால் மகளைச் சோதிக்கத் தேவையே வராது. இருந்தாலும்கூட அவள் 18 வயது தாண்டி, தானே முடிவெடுக்கட்டும். பதினாறு வயதில் தெரிந்துகொண்டு செய்யக்கூடியது எதுவும் இல்லை, பரீட்சைக்குப் படிக்க முடியாமல் போவதைத் தவிர.

பரிசோதனைக்கு முன் மரபணு ஆலோசகர் உங்கள் குடும்ப வரலாற்றைக் கேட்பார். அம்மா, சித்தி, பாட்டி என்று அம்மா வழியை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். இந்த மரபணுக்கள் ஆண்கள் வழியாகவும் அதே அளவு வரும். உங்கள் அப்பாவோடு பிறந்த அத்தைகளுக்கு மார்பிலோ சினைப்பையிலோ ஏதாவது வந்ததா, எத்தனை வயதில் வந்தது என்று விசாரித்து எழுதிக்கொண்டு போங்கள்.